தேய்ச்சா போகாது

மதுரையில் எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரில் ஓர் ஆணி. அதில் எப்போதும் ஒரு பீர்க்கங்காய் நார் தொங்கும். முற்றிய காயைக் கொடியிலேயே காயவிட்டு, தோலை உரித்து, விதையை உதறி அப்பத்தா தயார் செய்வது. புதிதாக இருக்கும்போது முள் மாதிரி குத்தும். பத்து நாள் தண்ணீர் பட்டால் கொஞ்சம் இளகும்.

வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல். சீயக்காய் தேய்த்து முடித்ததும் அப்பத்தா என் தலையை முன்னால் குனியவைத்துப் பின்கழுத்தைப் பிடித்துக்கொள்வாள். "இவ கழுத்துல மட்டும் எங்கிருந்துதான் இம்புட்டு அழுக்கு சேருதோ" என்றபடி நாரால் நாலு இழுப்பு. கண்ணில் தண்ணீர் வரும். சீயக்காய் பட்டதாகச் சொல்லிச் சமாளிப்பேன். தோல் சிவந்து, மறுநாள் பொருக்குத் தட்டி, அது உதிர்ந்ததும் கழுத்து பழைய கருப்புக்கே வந்து நிற்கும். அடுத்த வெள்ளிக்கிழமை இன்னும் அழுத்தித் தேய்ப்பாள்.

அது அழுக்கே இல்லை என்று எனக்குத் தெரியவந்தபோது வயது முப்பத்தொன்று.

நான் டாக்டரிடம் போனது கழுத்துக்காக இல்லை. முகத்துக்காக. அந்தக் கதை பின்னால் வருகிறது. சென்னையில் ஒரு வயதான தோல் மருத்துவர். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் துப்பட்டாவைக் கொஞ்சம் விலக்கச் சொல்லிக் கழுத்தைப் பார்த்தார்.

"இது எத்தனை வருஷமா இருக்கும்மா?"

"சின்ன வயசுலேர்ந்தே டாக்டர். எனக்கு அழுக்கு சேர்ந்துக்கும்."

"அழுக்கா? பீரியட்ஸ் மாசாமாசம் ஒழுங்கா வருதா? வீட்ல யாருக்கு சுகர்?"

பருவுக்கு மருந்து கேட்டு வந்தவளிடம் ஏன் அப்பாவின் சர்க்கரையை விசாரிக்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.1 வந்தது. 5.7க்குக் கீழே இருக்க வேண்டும், 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோய். நான் நடுவில், வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். ஸ்கேனில் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி) இருப்பதும் தெரிந்தது.

கழுத்தில் இருந்ததன் பெயர் அகாந்தோசிஸ் நைக்ரிகான்ஸ். உடம்பு இன்சுலின் பேச்சைக் கேட்க மறுக்கும்போது, கணையம் இன்னும் இன்னும் இன்சுலினைச் சுரந்து தள்ளும். ரத்தத்தில் மிதமிஞ்சி ஓடும் அந்த இன்சுலின் தோல் செல்களையும் உசுப்பிவிட, அவை தேவைக்கு மேல் பெருகும். பின்கழுத்து, அக்குள், தொடை இடுக்கு என்று மடிப்பு விழும் இடங்களில் தோல் தடித்து, கருத்து, தொட்டால் வெல்வெட் துணி மாதிரி இருக்கும். பக்கத்திலேயே சின்னச் சின்ன மருக்களும் முளைக்கலாம். கருப்பு மேலே படிந்தது இல்லை, உள்ளிருந்து வருவது. சோப்பு, நார், எலுமிச்சை, பேக்கிங் சோடா எதற்கும் அது மசியாது. எடையும் இன்சுலினும் இறங்கினால் தானாக வெளுக்கும். எனக்கு எட்டு கிலோ குறைந்த பிறகுதான், ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, கழுத்தின் நிறம் முகத்தின் நிறத்துக்குப் பக்கத்தில் வந்தது.

அன்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் உடம்பில் அழுக்கு என்று நினைத்து நான் தேய்த்தது எத்தனை, தேய்த்துத் தேய்த்து நானே உண்டாக்கிக்கொண்ட கருமை எத்தனை? அந்தக் கணக்குதான் இந்தப் பதிவு.

முகத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். பதினான்கு வயதில் முதல் பரு. எங்கள் வீட்டில் பருவுக்கு ஒரே காரணம்தான், சூடு. மாம்பழம் தின்றால் சூடு, கோழி தின்றால் சூடு, ராத்திரி கண் விழித்துப் படித்தால் சூடு. வைத்தியம் மட்டும் நிறைய. ஜாதிக்காயைக் கல்லில் பால் விட்டு உரைத்துப் பூசுவது, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து அப்புவது, பக்கத்து வீட்டு அக்கா சொல்லிக்கொடுத்த பற்பசை வைத்தியம். பற்பசை பருவை வறளவைக்கும் என்பது உண்மைதான். சுற்றி இருக்கும் நல்ல தோலையும் சேர்த்துப் பொசுக்கும் என்பதை அந்த அக்கா சொல்லவில்லை.

ஒரு நாளைக்கு ஆறு தடவை முகம் கழுவினேன். எண்ணெய் வழிகிறது, அழுக்கு ஒட்டுகிறது, அதனால் பரு வருகிறது என்பது என் கணக்கு. ஆனால் பரு மேலிருந்து ஒட்டுவது இல்லை; கீழேயே அடைத்துக்கொள்வது. ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோனின் தூண்டலில் எண்ணெய்ச் சுரப்பிகள் வேலையை அதிகமாக்குகின்றன. மயிர்க்காலின் வாயில் உதிர வேண்டிய இறந்த செல்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு அடைப்பாகின்றன. அடைப்புக்குள் எப்போதும் குடியிருக்கும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். உடம்பு அதை எதிர்க்கப் போக, வீக்கம், சிவப்பு, சீழ். இதில் சோப்புக்கு என்ன வேலை? காலையும் இரவும் மென்மையான ஃபேஸ்வாஷ், போதும். மூக்கின் மேல் இருக்கும் கரும்புள்ளியின் கருப்புகூட அழுக்கு இல்லை. அடைப்பின் வாய் திறந்திருப்பதால், உள்ளே இருக்கும் மெலனினும் எண்ணெய்ப் பிசுக்கும் காற்றுப் பட்டுக் கருக்கின்றன. அவ்வளவுதான். அதை எடுக்க பார்லரில் ஸ்ட்ரிப் ஒட்டிப் பிய்த்தபோது வந்த கண்ணீருக்கு நான் பணமும் கொடுத்திருக்கிறேன்.

நெற்றி ஓரத்துப் பருக்களுக்கு வேறு காரணம் இருந்தது. தேங்காய் எண்ணெய். தலை நிறைய எண்ணெய் வைத்து, வழித்துப் பின்னி, அது வெயிலில் நெற்றிக்கு இறங்கி, மயிர்க்கால்களை அடைத்து, முடி தொடங்கும் கோடு நெடுக முத்து முத்தாகக் கட்டிவிடும். தலையெண்ணெயே வைக்காதே என்று மதுரைக்காரியிடம் யாராலும் சொல்ல முடியாது. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வைத்து, நன்றாக அலசிவிட வேண்டும், இரவில் எண்ணெய்த் தலையோடு தூங்கக் கூடாது என்று டாக்டரும் நானும் ஒப்பந்தம் செய்துகொண்டோம்.

சரி, என்னை டாக்டரிடம் கொண்டுபோய் நிறுத்திய கதைக்கு வருகிறேன்.

சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. கன்னம் இரண்டிலும் பருத் தழும்பு, புள்ளி புள்ளியாக. வீட்டுக்குப் பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் போய் நின்றேன். கடைப் பையன் முகத்தைப் பார்த்ததுமே ஒரு சின்ன டியூபை எடுத்து வைத்தான். "இதப் போடுங்கக்கா, எல்லாரும் இதத்தான் வாங்குறாங்க." டாக்டர் சீட்டு வேண்டாமா என்று நான் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

மூன்றே இரவு. பரு அமுங்கியது, புள்ளி மங்கியது, முகம் முழுக்க ஒரு பளபளப்பு. கல்யாண வீடியோவில் என் முகம் எனக்கே நம்பும்படி இல்லை. "என்னத்தா போடுற?" என்று பெரியம்மா காதைக் கடித்தார். நான் பெருமையாக டியூபின் பெயரைச் சொன்னேன். இன்றுவரை அதுதான் எனக்கு உறுத்தல்.

ஊரிலிருந்து திரும்பி இரண்டு நாள் போடாமல் விட்டேன். அரிப்பு, பொடிப்பொடியாகப் பரு. உடனே மறுபடி போட்டேன், அடங்கியது. இப்படியே ஒன்றரை வருஷம். ஒரு கட்டத்தில் அடுப்புக்கு முன்னால் நின்றால் முகம் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. கன்னத்தில் சிவப்பு நூல் மாதிரி ரத்தக் குழாய்கள். தாடையில் பூனைமுடி. கிரீமைப் போட்டாலும் பரு, போடாவிட்டாலும் பரு.

டாக்டர் அந்தக் காலி டியூபைத் திருப்பி, பேனாவால் ஒரு சொல்லை வட்டமிட்டுக் காட்டினார். மொமெட்டாசோன், ஒரு ஸ்டீராய்டு. கூடவே ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின். "இது மங்குக்கு நாங்களே சில வாரம் எழுதித் தர்ற மருந்து. ஒன்றரை வருஷம் போடுற க்ரீம் இல்ல."

இந்த மூன்று மருந்துக் கலவைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. ஆல்பர்ட் க்ளிக்மன், வில்லிஸ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1975ல் வெளியிட்ட சூத்திரம் அது: 5 சதவீத ஹைட்ரோகுயினோன், 0.1 சதவீத ட்ரெட்டினாயின், 0.1 சதவீத டெக்ஸாமெத்தசோன். ஒன்று மெலனின் உற்பத்தியைத் தடுக்கும், ஒன்று தோலின் உதிர்வை வேகப்படுத்தும், மூன்றாவதான ஸ்டீராய்டு எரிச்சலை அடக்கும். மங்குக்கு, அதாவது முகத்தில் படரும் பழுப்புத் திட்டுக்கு, மருத்துவர் கண் முன்னால், கொஞ்ச நாளைக்கு நல்ல மருந்து. அதையே பரு, தழும்பு, கல்யாணம், காதுகுத்து என்று எல்லாவற்றுக்கும் பூசினால் ஸ்டீராய்டு தோலை மெலியவைக்கும், ரத்தக் குழாயை விரிக்கும், பருவைப் பெருக்கும், நிறுத்தினால் பழிவாங்கும். என்னைப் போன்ற முகங்கள் நம் நாட்டில் அவ்வளவு பெருகிவிட்டதால், இந்தியத் தோல் மருத்துவர்களே இதற்கென்று தனியாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: ஸ்டீராய்டால் கெட்ட முகம். 2018ல் மத்திய அரசு மேற்பூச்சு ஸ்டீராய்டுகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் கொண்டுவந்தது. கடைக்குப் போய்ப் பாருங்கள், சட்டம் கல்லாவுக்கு இந்தப் பக்கம் வந்திருக்கிறதா என்று.

ஒரு சின்ன உபாயம் சொல்கிறேன். டியூபில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். 'சோன்', 'சால்' என்று முடிந்தால் (பீட்டாமெத்தசோன், மொமெட்டாசோன், க்ளோபெட்டசால்) முகத்துக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள், டாக்டர் சொன்னால் ஒழிய. ஃப்ளூவோசினோலோன் அசிட்டோனைடு என்று வால் நீண்ட ஒன்றும் இதே சாதிதான்.

கிரீமை நிறுத்திய முதல் இரண்டு மாதத்தைப் பற்றி அதிகம் எழுத விருப்பம் இல்லை. முகம் தக்காளி மாதிரி வீங்கியது. வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், உள்ளுக்குச் சில வாரம் மாத்திரை. அவ்வளவுதான் சிகிச்சை. மற்றதெல்லாம் காத்திருப்பு. அலுவலகத்தில் டெங்குவா என்று கேட்டார்கள், ஆமாம் என்றேன்.

முகம் ஆறிய பிறகுதான் பருவுக்கு உண்மையான மருந்து தொடங்கியது. காலையில் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம், இரவில் அடாப்பலின் 0.1 சதவீதம். இரண்டும் பழைய மருந்துகள், விலையும் பார்லர் ஃபேஷியலோடு பார்த்தால் ஒன்றுமில்லை. அடாப்பலினை ஒரு பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கப் பூச வேண்டும். பரு இருக்கும் இடத்தில் பொட்டு வைப்பது போல வைப்பதில் பயன் இல்லை, ஏனென்றால் அது வேலை செய்வது அடுத்து வரப்போகும் பருவின் மேல். முதல் மூன்று நான்கு வாரம் தோல் உரியும், பரு கூடினது போலவே தோன்றும். நிறைய பேர் அங்கேதான் விட்டுவிட்டு ஓடுவது. நான் வாரம் மூன்று இரவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றினேன். பன்னிரண்டு வாரம் கழித்துப் பார் என்றார் டாக்டர். பத்தாவது வாரத்தில் ஒரு நாள், கன்னத்தைத் தடவிப் பார்க்க மறந்துவிட்டோமே என்று தோன்றியது. அதுதான் குணமானதற்கு எனக்குக் கிடைத்த முதல் அறிகுறி.

பென்சாயில் பெராக்சைடு பற்றி யாரும் முன்கூட்டியே சொல்லாதது: அது துணியை வெளுக்கும். தீபாவளிக்கு வாங்கிய கருநீலத் துண்டில் இப்போது ஆப்பிரிக்கா மாதிரி ஒரு வெள்ளை வரைபடம் இருக்கிறது. தலையணை உறை வெள்ளையில் வாங்குங்கள்.

கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் அடாப்பலின் பக்கம் போக வேண்டாம். அசிலாயிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது, அந்த நேரத்திலும் பாதுகாப்பானது, பருவையும் குறைக்கும், அதன் கருந்தடத்தையும் குறைக்கும். மெதுவாகத்தான். கட்டி கட்டியாக வந்து குழி விழுகிற பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை பெரிய உதவி. ஆனால் கருவிலிருக்கும் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கக்கூடியது என்பதால் அதை யாரும் தானாக வாங்கிப் போடுகிற விளையாட்டு வேண்டவே வேண்டாம். சாப்பாட்டு விஷயத்தில் அப்பத்தாவின் 'சூடு' முழுக்கப் பொய் என்றும் சொல்ல முடியவில்லை. மாம்பழத்தைவிட, சட்டென்று சர்க்கரையை ஏற்றும் இனிப்பு, மைதா வகைகள், சிலருக்குப் பால், ஜிம் பையன்கள் கலக்கிக் குடிக்கும் வே புரோட்டீன், இவற்றுக்கும் பருவுக்கும் தொடர்பு உண்டு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. வடை பாவம், அதன் மேல் எண்ணெய் இருக்கிறது என்பதற்காகவே காலம் காலமாகத் திட்டு வாங்குகிறது.

பரு போயிற்று. தடம்?

நம் நிறத் தோலுக்கு ஒரு குணம். எங்கே காயம் பட்டாலும், வீங்கினாலும், சூடு பட்டாலும், அங்கே மெலனினைக் கொட்டித்தான் தோல் ஆறும். கருப்போ வெளுப்போ, மனிதர் எல்லோருக்கும் மெலனின் தயாரிக்கும் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். நம்முடையவை சுறுசுறுப்பு அதிகம், அவ்வளவே. அந்தச் சுறுசுறுப்புதான் வெயிலிலிருந்து காப்பாற்றுகிறது, அதுவேதான் பருவின் இடத்தில் ஆறு மாதத்துக்குப் புள்ளியும் வைக்கிறது. மேல்தோலிலேயே நின்ற மெலனின் பழுப்பாகத் தெரியும், சில மாதத்தில் மறையும். கிள்ளி, பிதுக்கி, நகத்தால் தோண்டி அதை அடித்தோலுக்குள் இறக்கிவிட்டால் நீலச் சாம்பல் நிறத்தில் வருஷக் கணக்கில் உட்கார்ந்திருக்கும். அலுவலகக் கழிவறைக் கண்ணாடி முன்னால் நான் பிதுக்கிய பருக்களில் இரண்டு இன்னும் இடது தாடையில் இருக்கின்றன.

எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்க்காதீர்கள். கெஞ்சியே கேட்கிறேன். அதன் அமிலம் தோலுக்கு மிகக் கடுமை. தவிர, எலுமிச்சை வகைகளின் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தீப்புண் போலவே கொப்பளித்து, பின்னால் திட்டாகக் கருக்கக்கூடும். கருமை போக்கப் போய்க் கருமை வாங்கி வருவது இதுதான்.

எனக்குத் தடம் மங்கப் பெரிதும் உதவியது சன்ஸ்கிரீன். "நாமதான் கருப்பாச்சே, நமக்கெதுக்கு?" என்று முப்பது வயதுவரை கேட்டவள் நான். எஸ்பிஎஃப் 30 என்றால் தோலைச் சுடும் புற ஊதாக் கதிரில் ஏறக்குறைய 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. பெரிய வித்தியாசம் இல்லை. அளவுதான் முக்கியம். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். நாம் போடுவது அதில் கால்வாசி. இன்னொன்று, நம் நிறத்தில் மங்கையும் தழும்பையும் கருக்கவைப்பது புற ஊதா மட்டும் இல்லை, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும்தான். சாதாரண சன்ஸ்கிரீனால் அதைத் தடுக்க முடியாது. இரும்பு ஆக்சைடு கலந்த, லேசாக நிறம் ஏற்றிய சன்ஸ்கிரீனால்தான் முடியும். அதில் ஒரு லாபம், திருநீறு பூசின மாதிரி வெள்ளை படியாது.

இனி கழுத்துக்குக் கீழே. இதை யாரும் வெளியில் பேசுவதில்லை, அதனாலேயே எல்லோரும் தனியாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறோம்.

என் மேல்முதுகிலும் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு நெடுகவும் அலை அலையாகப் பழுப்புத் திட்டு. சென்னைக்கு வந்ததும் பீர்க்கங்காய் நாருக்குப் பதில் நைலான் ஸ்க்ரப்பர் வாங்கியிருந்தேன், நீளமாக, இரண்டு பக்கமும் பிடி வைத்தது, முதுகில் குறுக்கே போட்டு இழுக்க. டாக்டர் பார்த்ததும் சிரித்தார். "எலும்பு துருத்துற எடத்துல மட்டும் கருத்திருக்கு பாருங்க. முதுகெலும்பு, தோள்பட்டை, முன்னெலும்பு. தேய்க்கிறது அங்கதான் அழுத்தமா படும்." உராய்வுக் கருமை. ஜப்பானில் இதற்கு நைலான் துண்டுக் கருமை என்றே பெயர், அங்கேயும் அப்படித்தான் தேய்க்கிறார்கள் போல. மருந்து என்று பெரிதாக ஒன்றும் தரவில்லை. ஸ்க்ரப்பரைத் தூக்கிப் போடுங்கள், கையால் சோப்புப் போடுங்கள், குளித்த ஈரம் காயுமுன் மாய்ஸ்சரைசர் தடவுங்கள். முதுகு ஒரு வருஷத்தில் தெளிந்தது. கால் இன்னும் பாதியில் நிற்கிறது.

இந்தக் கண்ணோடு பார்த்தால் உடம்பில் பாதிக் கருமைக்கு உராய்வுதான் பதில். நடக்கும்போது தொடையோடு தொடை உரசுவது. புடவைக்குள் ஒரு முழங்கால் நீள ஷார்ட்ஸ் போட்டதில் என் பிரச்சினை பாதி தீர்ந்தது. பிராவின் பட்டி. அக்குளில் ரேசர், மெழுகு, சென்ட் ஒவ்வாமை. அப்புறம் பாவாடை நாடா. அம்மாவின் இடுப்பைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குக் கருத்து, தடித்து, நடுவில் நாடாவின் முறுக்கே பதிந்திருக்கும். நாற்பது வருஷம் ஒரே இடத்தில் ஒரே இறுக்கத்தில் கட்டியது. நாடாவுக்குப் பதில் அகலப் பட்டி வைத்துத் தைக்கச் சொன்னேன். "புடவை நிக்காதுடி" என்றார். எலாஸ்டிக் வைத்த ஷேப்வேர் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன், பீரோவில் இருக்கிறது.

ஒவ்வாமையும் இந்த விளையாட்டில் உண்டு. அத்தைக்கு நெற்றி நடுவில் பொட்டளவுக்கு வெள்ளையாகிவிட்டது. ஸ்டிக்கர் பொட்டின் பசையில் சேர்க்கப்படும் ஒரு ரசாயனம் மெலனின் செல்களையே கொன்றுவிடுவதுண்டு. சிலருக்குச் சாயக் குங்குமம் நேர்மாறாக அந்த இடத்தைக் கருக்கவைக்கும். தலைச்சாயமும் அப்படித்தான், நெற்றி ஓரமும் கழுத்தும் சாம்பல் பூத்தது போல ஆகும். விரல் கணுக்கள் மட்டும் திடீரென்று கருத்தால் பி12 குறைவாக இருக்கலாம், அதற்கு ஊசி போட்டால் கணு வெளுத்துவிடும். முழங்கை, முழங்கால் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் கருப்பாக இருப்பது இயற்கை. அதை விட்டுவிடுங்கள், பாவம்.

தம்பி கதை வேறு மாதிரி. தொடை இடுக்கில் படர்தாமரை. அது பூஞ்சை, பூஞ்சைக்கு மட்டுமான மருந்தை வாரக் கணக்கில் விடாமல் போட வேண்டும். அவனும் கடையில் கேட்டு, ஸ்டீராய்டு கலந்த கிரீம் வாங்கிப் போட்டான். அரிப்பு ஒரே நாளில் நின்றது, பூஞ்சை இன்னும் நிம்மதியாக வளர்ந்தது, வட்டம் வட்டமாக இடுப்புவரை ஏறியது. குணமாக நான்கு மாதம் ஆனது. கருமை அதற்குப் பிறகும் ஒரு வருஷம். குடும்பத்தில் ஸ்டீராய்டு ஏமாற்றத்தில் நான் மட்டும் இல்லை என்று அவனுக்குத் தெரியாமல் ஒரு சின்ன ஆறுதல் எனக்கு.

நான் பயப்படுவது பெயர்ப் பட்டியலே இல்லாத டப்பாக்களைக் கண்டுதான். வெளிநாட்டிலிருந்து வந்தது என்று சொல்லி, எழுத்து எதுவும் படிக்க முடியாத டப்பாவில், ஒரே வாரத்தில் சிவப்பாக்கும் கிரீம். அதில் பாதரசம் இருக்கலாம். மெலனின் உற்பத்தியைப் பாதரசம் தடுக்கும், உண்மை. தோல் வழியாக உள்ளே இறங்கிச் சிறுநீரகத்தில் போய் உட்காரவும் செய்யும். கேரளத்தில் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கலில் மருத்துவர்கள் 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரைப் பார்த்தார்கள். 15 பேருக்கு அபூர்வமான ஒரே வகைப் பாதிப்பு. அவர்களில் 13 பேர் சிவப்பழகு கிரீம் போட்டவர்கள். ஏதோ தண்ணீரில் கோளாறு என்று தேடியிருந்தால் காரணம் கிடைத்திருக்காது. முகத்துக்கு என்ன போடுகிறாய் என்று ஒரு டாக்டர் கேட்டதால் கிடைத்தது.

சிவப்பழகு என்றதும் ஒன்று. ஃபேர் அண்ட் லவ்லி இந்தியாவில் அறிமுகமானதும் அதே 1975ல்தான், க்ளிக்மன் சூத்திரம் வெளியான வருஷம். 2020ல் பெயரிலிருந்த 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. நடுவில் 2009ல் சென்னையிலிருந்தே விமன் ஆஃப் வொர்த் என்ற அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தைத் தொடங்கியது; பின்னால் நடிகை நந்திதா தாஸும் சேர்ந்தபிறகு அது நாடெங்கும் பேச்சானது. நம் சங்கக் கவிஞர்கள் இந்தச் சிக்கலில் மாட்டவே இல்லை. மாந்தளிர் நிறத்துக்கு மாமை என்று பெயர் வைத்து, அது பசலையாக வெளிறிப்போனால்தான் தலைவிக்காகக் கவலைப்பட்டார்கள். உடம்பில் படரும் தேமலுக்குச் சுணங்கு என்று பெயர் கொடுத்து அதையும் அழகு என்றார்கள். அந்தக் காலத்தில் மெடிக்கல் ஷாப் இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நான் மருந்து போட்டது நிறம் மாற இல்லை. கன்னம் எரியாமல் இருக்க, தடம் மறைய, சர்க்கரை ஏறாமல் இருக்க. என் நிறம் அப்பாவின் நிறம், எட்டு கிலோ குறைந்த பிறகும் அதேதான்.

போன பொங்கலுக்கு மதுரை போயிருந்தேன். அப்பத்தா போய் ஆறு வருஷமாகிறது. குளியலறையில் ஆணி இருக்கிறது, பச்சை நைலான் ஸ்க்ரப்பர் தொங்குகிறது. உள்ளேயிருந்து அண்ணியின் குரல்: "அசையாம நில்லு, கழுத்தப் பாரு, கரி மாதிரி." அண்ணன் மகளுக்குப் பன்னிரண்டு வயது. கதவைத் தட்டினேன்.

"அண்ணி, தேய்க்காதீங்க. அது போகாது."

"நீங்க வேற, பத்து நாளா ஒழுங்கா குளிக்கல இவ."

"தேய்ச்சா போகாது அண்ணி. ரத்தம் பாக்கணும்."

அண்ணிக்குக் கோபம்தான். குழந்தைக்குப் போய் சர்க்கரை டெஸ்டா என்று அண்ணனும் முறைத்தான். ஒரு வாரம் கழித்து எடுத்தார்கள். சர்க்கரை சரியாக இருந்தது, இன்சுலின் எகிறியிருந்தது. மருந்து எதுவும் வேண்டாம், ஓடி விளையாட விடுங்கள், பாட்டில் ஜூஸை நிறுத்துங்கள், எடையைக் கவனியுங்கள் என்றாராம் டாக்டர்.

நேற்று இரவு அவளே போன் செய்தாள். மொட்டை மாடியில் கயிறு குதித்ததில் இருநூறு எண்ணிவிட்டாளாம்.

"கழுத்து இன்னும் அப்டியேதான் இருக்கு அத்தை."

"இருக்கும்டா. எனக்கு ஒரு வருஷம் ஆச்சு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஸ்கூல்ல ரெட்டை ஜடைய மடிச்சுத்தான் கட்டணும். பின்னாடி உக்கார்றவளுக்கு நல்லா தெரியும்."

"என்ன பண்ணலாம்கற?"

"ரிப்பன பெருசா வாங்கிக்கறேன் அத்தை. பூ மாதிரி வச்சு, கீழ தொங்கவிட்டுக்குறேன்."